கையைத் தூக்கியவள்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கல்லூரிக்குப் போய்க் கபடிக் களத்துக்குத் தண்ணீர் விட்டேன். காற்றுக்காலம். ஒரு நாள் நனைக்காமல் விட்டால் மண் கிளம்பி நூலக ஜன்னல் வரை போய்விடும். தோட்டக்காரர் இருக்கிறார். ஆனாலும் இந்தக் களத்துக்கு நான்தான் தண்ணீர் விடுவேன். எந்த மூலையில் மண் இறுகும், எங்கே விழுந்தால் பிள்ளைகளுக்கு முட்டி உரியும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நேற்று தோற்றோம். நேற்றே எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை.

மாவட்டக் கல்லூரிகளுக்கான பெண்கள் கபடி, இறுதி ஆட்டம். ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். ஆட்டம் முடியப் போகிற நேரம். அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் கபடி பாடி வந்தாள். கெட்டிக்காரி. எங்கள் பிள்ளைகள் பின்வாங்கிக் கோட்டோரம் நின்றார்கள். அவள் வலது மூலைக்குக் காலை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். நடுவர் கையை விரித்துக் காட்டினார். யாரையும் தொடவில்லை, புள்ளி இல்லை. நான் எழுந்தே விட்டேன். கப்பை யாரை வாங்கவைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது வலது மூலையில் நின்ற முப்பிடாதி கையைத் தூக்கினாள். தூக்கிக்கொண்டே வெளியே நடந்தாள். நடுவர், "என்னம்மா?" என்றார். "தொட்டுட்டாங்க சார்" என்றாள். அவருக்கே ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு அவர்களுக்குப் புள்ளி கொடுத்தார். சமம். அடுத்துப் பாடிப் போன எங்கள் பிள்ளை பிடிபட்டாள். முடிந்தது.

வேனில் கேப்டன் பிளெஸ்ஸி திட்டித் தீர்த்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் கூறு இருக்கா? அந்தாளே இல்லன்னுட்டாரு. நீ என்னத்துக்குட்டி கையத் தூக்குன?"

"தொட்டுச்சுக்கா."

"எங்கட்டி தொட்டுச்சு?"

"கால் சுண்டுவிரல்ல."

"சுண்டுவிரலுக்குக் கப்பக் குடுத்துட்டு வந்திருக்கா பாரு, மகாராணி!"

முப்பிடாதி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்குத் திட்டுகிறார்கள் என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் களத்தில் நடுவர் கிடையாது. நான் இங்கே உடற்கல்வி இயக்குநராக வந்தபோது பயிற்சிக்கு என்னைத் தவிர ஆளில்லை. ஒரு பக்கம் நான் பிடி சொல்லிக்கொடுப்பேன், மறுபக்கம் ஆட்டம் நடக்கும். அதனால் ஒரு வழக்கம் வைத்தேன். பாடி வந்தவள் தொட்டுவிட்டால், தொடப்பட்டவளே கையைத் தூக்கிவிட்டு வெளியே போக வேண்டும். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எங்கள் களத்தில் ஒரு சண்டை வந்ததில்லை. போட்டிக்குப் போனால் அது வேறு. அங்கே நடுவர் சொன்னால் போவது, சொல்லாவிட்டால் நிற்பது. இதை நான் யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூத்தவர்களைப் பார்த்துச் சின்னவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

முப்பிடாதி முதலாம் ஆண்டு. இதுதான் அவளுக்கு முதல் போட்டி.

ஆகஸ்ட் 21, புதன்

கல்லூரிச் செயலர் கூப்பிட்டனுப்பினார். அவர் அறை அலமாரியில் கப்புக்காக இடம் ஒதுக்கித் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே எனக்கு நாற்காலி.

"என்னம்மா, அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார். மூலையில அவள மாதிரி நிக்க ஆளில்ல."

"பெறகு?"

"புதுசு சார். போட்டியில நடுவர் சொன்னாப் போதும்னு தெரியல."

"அப்பச் சொல்லிக்குடுங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மண்டலப் போட்டி, நானும் முன்வரிசையில இருப்பேன். சொல்லியும் கேக்கலன்னா வேற பிள்ளையப் போடுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விளையாட்டுல வந்த சீட்டு. விளையாடலன்னா ஹாஸ்டல் எதுக்கு? நல்ல பிள்ளதான், நான் இல்லங்கல. நல்ல பிள்ளைங்க எத்தனையோ பேரு வெளிய நிக்காங்க."

அவர் கெட்டவர் இல்லை. கத்தவும் இல்லை. முப்பிடாதியின் ஊர் சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம். அம்மா பீடி சுற்றுகிறார். ஹாஸ்டல் இல்லையென்றால் அவளுக்குக் கல்லூரி இல்லை. அவருக்கும் அது தெரியும்.

"நாளைக்கே சொல்லிர்றேன் சார்" என்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கோடு போடும் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, வாங்கப் போனேன். முப்பிடாதியிடம் பேச நேரம் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ஜெர்சி தைக்கக் கொடுத்த இடத்தில் எண்களைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள். அதற்கு அலைந்தேன். வீட்டில் மாவு புளித்துப் பொங்கி ஃபிரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. இன்றும் நேரமில்லை.

ஆகஸ்ட் 24, சனி

என் வீட்டுக்காரர் தனராஜ் வக்கீல். சர்க்கரையும் உண்டு. சாயங்காலம் அவர் சட்டையை வாங்கும்போதே நெய் வாசனை.

"அல்வா தின்னீங்களா?"

"யாரு? நானா? நீ பாத்தியா?"

"பாக்கல."

"சாட்சி உண்டா?"

"இல்ல."

"அப்ப திங்கல." சிரிக்கிறார். "சட்டம் அதான் ஜெபா. நிரூபிக்காதது நடக்கல."

"ஒங்க ரத்தத்துக்குச் சட்டம் தெரியாதுங்க. செவ்வாக்கிழம டெஸ்ட்டு."

அப்புறம் முப்பிடாதி கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். நடுவர் இல்லையென்று சொன்ன பிறகு அது இல்லைதான் என்றார். ஆட்டம் என்பதே நாலு பேர் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட விதிதான். அதற்கு வெளியே தொட்டது, தொடாதது என்று ஒன்றுமே கிடையாதாம். "அந்தப் பிள்ள தீர்ப்புக்கு மேல தீர்ப்பு சொல்லிருக்கு. என் கோர்ட்டுல செஞ்சா அவமதிப்பு."

"அப்ப அவ செஞ்சது தப்பா?"

"தப்பு இல்ல. தேவையில்லாதது."

பி.ஏ. படித்தபோது தத்துவம் எனக்குத் துணைப்பாடம். பாதி மறந்துவிட்டது. ஒரு கட்சி, தப்பு என்பது கல் கெட்டியாக இருப்பதைப் போல, யார் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அப்படியே இருக்கும் என்று சொல்லும். இன்னொரு கட்சி, சாலையில் இடப்பக்கம் போகிறோமே அதைப் போலத்தான், ஊர் கூடி வைத்தது, வேறு ஊரில் வலப்பக்கம் என்று சொல்லும். பரீட்சையில் இரண்டையும் எழுதி, முடிவில் இரண்டும் ஓரளவு சரி என்று எழுதினேன். நல்ல மார்க் வந்தது.

கபடிக்கு எந்தக் கட்சி? விதிகளெல்லாம் ஊர் கூடி வைத்தவைதான். கோடு நான் சுண்ணாம்பில் போடுவது. ஆனால் அவள் கால் இவள் சுண்டுவிரலில் பட்டதை யார் கூடி வைத்தார்கள்?

தனராஜ் தூங்கிவிட்டார். விரலில் இன்னும் நெய்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து குழம்பு கூட்டிக்கொண்டிருக்கும்போது போன். எங்களைத் தோற்கடித்த அணியின் பயிற்சியாளர். ஆளைப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை.

"மேடம், வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன்."

"ஜெயிச்சது நீங்க சார்."

"அதான் மேடம் தூக்கம் வரல. எங்க பிள்ளைங்க கப்ப வச்சுக்கிட்டு ஒரு மாதிரி இருக்காங்க. எப்பிடி மேடம் இப்பிடிப் பழக்குனீங்க?"

"எங்க களத்துல அப்பிடித்தான் சார்" என்றேன்.

எவ்வளவு அழகாகச் சொன்னேன்! நாள் முழுக்கத் தரையில் கால் பாவவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று தனராஜ் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. ஆட்களில்லாமல், வசதியில்லாமல், ஒரு பொட்டல் மண்ணில் நான் வைத்த வழக்கம் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்குள் போய் இப்படி வேர்விட்டிருக்கிறது. கப்பு யாரும் வாங்கலாம். இதை யார் வாங்க முடியும்?

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

பயிற்சி முடிந்து முப்பிடாதி கால் கழுவிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்பது போலக் கேட்டேன்: "அன்னைக்குக் கையத் தூக்குனியே, நம்ம களத்து வழக்கம் அப்படியே பழகிப்போச்சு, அதானட்டி?"

"இல்ல மேடம்."

"இல்லையா?"

"இங்க வாரதுக்கு முன்னாலயும் நான் அப்படித்தான் ஆடுவேன். எங்க ஊருல அண்ணமாரோட ஆடும்போது அவனுக ஒத்துக்கிடவே மாட்டானுக. நான் மட்டும் போயிருவேன். லூசும்பானுக." சிரித்தாள். பிறகு குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்: "அந்த அக்கா நல்லாத் தொட்டாங்க மேடம். நான் அவ்ளோ பின்னால நின்னேன், அப்பிடியும் அந்தக் காலு வந்துச்சு. எப்பிடி வந்துச்சுன்னே தெரியல. அது அவங்க ஆடிச் சம்பாதிச்சது. அத நான் எப்படி மேடம் வச்சுக்கிடது?"

மனசுக்குள் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

பிறகு சொன்னேன். "இங்க பாரு, போட்டியில நடுவர்னு ஒருத்தர் இருக்காரு. அவர் குடுத்தாப் போ. குடுக்கலன்னா நில்லு. நீயா முடிவு பண்ணாத."

"தொட்டாலுமா மேடம்?"

"தொட்டாலும். அது அவர் வேல."

குனிந்து கால் ஈரத்தைத் துடைத்தாள். "சரி மேடம்" என்றாள்.

அவளுடைய ஹாஸ்டலுக்காகத்தான் சொன்னேன். வேறு எதற்காகவும் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

தனராஜின் சர்க்கரை ஏறியிருக்கிறது. சாட்சி இல்லாமலே.

பயிற்சியில் ஒரு விஷயம் நடந்தது. பிளெஸ்ஸி பாடிப் போய் முப்பிடாதியின் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். சத்தமே கேட்டது, அப்படி ஒரு தொடு. முப்பிடாதி நின்றாள்.

"ஏட்டி, போ" என்றாள் பிளெஸ்ஸி.

முப்பிடாதி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இவ போவ மாட்டேங்கா!"

நான் பக்கத்தில் போனேன். "என்னட்டி?"

"நடுவர் குடுக்கலல்லா மேடம்."

"அது போட்டியில. இங்க இல்ல."

"ரெண்டும் ஒரே ஆட்டந்தான மேடம்?"

கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண் கலங்கியிருந்தது. முதலில் களத்து வழக்கத்தைப் போட்டிக்குக் கொண்டுபோனாள், இப்போது போட்டி வழக்கத்தைக் களத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். மற்றவர்களிடம் இரண்டு செருப்பு இருக்கிறது, வாசலில் மாற்றிக்கொள்வார்கள். இவளிடம் ஒன்றுதான்.

அதோடு போகவில்லை. அடுத்துத் தொடப்பட்டவளும் நின்றாள். "அவ மட்டும் நிக்கலாமா?" என்றாள். அப்புறம் எல்லோரும். தொட்டேன், தொடலை, ஏட்டி பொய் சொல்லாத, நீதான் பொய் சொல்லுத. ஒருத்தி இன்னொருத்தி சடையைப் பிடித்துவிட்டாள். நான் விசிலை எடுத்து ஊதினேன். என் களத்தில் ஆட்டத்தின் நடுவே நான் விசில் ஊதியது இதுதான் முதல் தடவை. பிறகு அங்கேயே நின்று தொட்டது, தொடாதது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதி எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்கும் சொன்னேன்.

வழக்கத்தை ஆளில்லாத குறைக்கு வைத்தேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஆள் நின்றும் இன்று ஆட்டம் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

மதியம் பிளெஸ்ஸி விளையாட்டு அறைக்கு வந்தாள். பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அவள் பம்பை வாங்கிக்கொண்டாள்.

"மேடம், அவள பழையபடி ஆடச் சொல்லுங்க."

"போட்டியிலயுமா?"

"இல்ல... இங்க மட்டும்."

"அவளுக்கு இங்க மட்டும், அங்க மட்டும்னு வரலட்டி. நேத்துப் பாத்தல்ல?"

அடித்துக்கொண்டே இருந்தாள். பந்து கல் மாதிரி ஆகிவிட்டது. "போதும், வெடிக்கப்போவுது" என்றேன். நிறுத்தினாள்.

"அந்த ஃபைனல்ல என்னையும் தொட்டாங்க மேடம். முதுகுல. நடுவர் பாக்கல. நான் நின்னேன்."

"எல்லாரும் அப்படித்தான். அவங்களும் அப்படித்தான் நிப்பாங்க. ரெண்டு பக்கமும் தெரிஞ்சேதான் ஆடுதோம். இதுல யாரு யார ஏமாத்துனா?"

நல்ல வாதம். சொல்லும்போதே தனராஜ் குரலாக இருந்தது.

"எனக்கும் அப்படித்தான் மேடம் இருந்துச்சு. ஒண்ணுமே தோணல. மூணு வருசமா ஒண்ணும் தோணல." சட்டென்று பம்பைக் கீழே வைத்தாள். "இவ வந்து கையத் தூக்கிட்டுப் போயிட்டா. இப்ப நான் யாரு மேடம், கள்ளியா?"

"சீ, இல்லட்டி."

"தோத்ததுக்கு இல்ல மேடம் அவ மேல கோவம். தோத்தது போவட்டும்."

நான் அவள் தலையில் கை வைத்தேன். கேப்டன் என்று இவளைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான். யாரும் கேட்காமல் வந்து சொன்னாளே. இவளும் கையைத் தூக்கியவள்தான். கொஞ்சம் தாமதமாக.

ஆகஸ்ட் 29, வியாழன்

நாளை மண்டலப் போட்டி. ஜெர்சிகள் வந்துவிட்டன, எண்கள் நேராக இருக்கின்றன. முதலுதவிப் பெட்டி, குளுக்கோஸ், முட்டிக்குக் கட்டும் துணி, எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. செயலர் இரண்டு தடவை போன் செய்தார். "சொல்லிட்டீங்கல்ல?" "சொல்லிட்டேன் சார்." பொய்யில்லை.

இன்று பயிற்சியில் முப்பிடாதி நன்றாகவே ஆடினாள். சொன்னபடி நின்றாள். நான் விசில் ஊதினால் போனாள். ஆனால் பிடிக்கவில்லை. மூலையிலிருந்து பாய்ந்து கணுக்காலைக் கவ்வுகிற பிள்ளை, யாரோ சொல்வதற்காகக் காத்திருக்கிறவளைப் போல இருந்தாள். முடிந்ததும் கேட்டேன்: "என்னட்டி, சரியா வருதா?"

"வருது மேடம். ஆனா தொட்டப்பெறவு நிக்கையில காலு என் காலு மாதிரி இல்ல."

ராத்திரிச் சாப்பாட்டின்போது தனராஜ், "என்ன, ஒம் பிள்ளைய வழிக்குக் கொண்டுவந்துட்டியா?" என்றார். "வந்துட்டா" என்றேன். அவர் பாகற்காய்ப் பொரியலைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எதையும் நிரூபிக்கத் தெரியாது. எல்லோரும் ஒத்துக்கொண்டு ஆடினால் அது ஏமாற்று இல்லை என்று யாராவது என்னிடம் வாதாடினால், நான் தோற்றுப்போவேன். பரீட்சையில் எழுதியதைப் போல இரண்டும் ஓரளவு சரி என்று மறுபடி எழுதலாம். ஆனால் இந்த ஒன்பது நாளாகப் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத முடியாது. விசில் ஊதுவதற்கு முன்பே தொட்டது நடந்துவிடுகிறது. அந்தப் பெண் அத்தனை தூரம் காலை நீட்டியது நடுவர் பார்க்காததால் வீணாகிவிடாது. அது அவள் ஆடியது. நாம் வாயை மூடிக்கொண்டு நின்றால், அவளிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். எல்லோரும் எடுக்கிறார்கள் என்பதால் அது நம்முடையதாகிவிடுமா? எனக்குத் தோன்றுவது அவ்வளவுதான். இதற்கு எந்தக் கட்சி என்ன பெயர் வைத்துக்கொண்டாலும் சரி.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை எரிச்சல் வெயிலால் இல்லை. என்னால்தான் அவள் அப்படி என்று நினைத்து ஒரு நாள் முழுக்க மிதந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டாள். அவள் வரும்போதே அப்படித்தான் வந்தாள். ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். அண்ணன்மார் களத்தில் அவள் லூசு. என் களத்தில் யாரும் அவளை அப்படிச் சொன்னதில்லை, கையைத் தூக்கினால் போ என்றுதான் வழிவிட்டார்கள். அந்த அளவுக்கு நான் பெருமைப்படலாம். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முடிவு செய்துவிட்டேன். தனராஜுக்குத் தெரியாது, பிளெஸ்ஸிக்குத் தெரியாது. நாளைக் காலையில் வேன் கிளம்பும் முன் ஏழு பேரையும், மாற்று ஆட்களையும் நிறுத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லப் போகிறேன்: தொட்டால் கையைத் தூக்குங்கள், நடுவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். முப்பிடாதி வலது மூலையில்தான் நிற்பாள். முன்வரிசையிலிருந்து செயலர் எழுந்து வந்து அந்தப் பிள்ளை ஏன் சொன்னபடி கேட்கவில்லை என்று கேட்டால், கேட்டாள் சார், நான் சொன்னபடிதான் செய்தாள், எடுக்க வேண்டுமானால் என் இடத்தை எடுங்கள் என்பேன். இந்தத் தடவை அது உண்மையாகவே என்னால் நடந்ததாக இருக்கும்.

தோற்றாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் வந்தேன். பரவாயில்லாமல் இல்லை. எனக்கு அந்தக் கப்பு வேண்டும். கையைத் தூக்கியே ஜெயிக்க வேண்டும்.